வள்ளம் கடலில் நிற்கும்போது

உடல்நலம் எப்படி இருக்கிறது என்ற கேள்வியைத் தாளில் வைத்து நான் கேட்ட முதல் ஆள் என் அம்மா. அவர் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கிவிட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குக் குனிந்தவர் பத்து மணிக்குத்தான் நிமிர்ந்திருந்தார். மூச்சு வாங்கவில்லை, முகத்தில் களைப்பும் இல்லை. பதிலுக்குக் காத்திராமலே ‘நல்லது’ என்ற கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வளவில் யாரோ விறகு அடுக்கும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு வேலியைத் தாண்டிக் கேட்கும் குரலில், முழங்காலும் சரியில்லை, இடுப்பும் சரியில்லை, முந்தின உடம்பு இப்போது எங்கே என்று நீளமாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“உதை அழி. நல்லம் எண்டு எழுதி நாவூறு பட வைக்கிறியோ?”

நான் அழித்துவிட்டு, ‘நல்லதில்லை’ என்பதில் அடையாளம் போட்டேன். அம்மா திருப்தியோடு இரண்டு வாளி தண்ணீரையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. உயர்தரப் பரீட்சை எழுதி, ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, வராத கடிதத்துக்காக எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் காத்துக்கொண்டிருந்தேன். வாசிகசாலையில் இருந்த புத்தகங்களை ஒருமுறை படித்து முடித்து, இரண்டாம் முறை தொடங்கியிருந்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த வயதான டொக்டர் ஒருவர் அப்போது எங்கள் ஊரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். டொக்டர் ஐயா என்றே எல்லோரும் அவரை அழைத்தோம். வாரத்தில் ஒரு நாள் பணம் வாங்காமல் நோயாளரைப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னார். அதற்குமேல் அவருடைய உடம்பும் அந்த நாட்களின் பெற்றோல் தட்டுப்பாடும் இடங்கொடா.

அந்த ஒரு நாளை இரண்டு இடங்கள் கேட்டன. ஒன்று எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம். மற்றது, பண்டத்தரிப்பைத் தாண்டி வடக்கே போனால் வருகிற கரையோரக் கத்தோலிக்கப் பங்கு; அங்கே இருந்தவை மீன்பிடிக் குடும்பங்கள். எந்த இடத்தில் நோய் கூடவோ அங்கே போவதுதான் நியாயம் என்றார் டொக்டர் ஐயா. அதை அறிவதற்காக ஒரே ஒரு கேள்வியுள்ள தாளை றோணியோ இயந்திரத்தில் பிரதி அடித்துத் தந்தார். உங்கள் உடல்நலம் எப்படி? மிக நல்லது, நல்லது, சுமார், நல்லதில்லை என்று நான்கு கட்டங்கள். இரண்டு இடங்களிலும் வீடு வீடாகக் கேட்டுவர சைக்கிளும் ஓய்வும் உள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்கு இரண்டும் இருந்தன.

எங்கள் ஊரில் மாலை வேளைகளிலும் சனி ஞாயிறுகளிலும் கேட்டேன். தோட்டத்தில் இருந்து வந்து தேநீரோடு ஆறுதலாக இருக்கிறவர்கள்தானே கதைப்பார்கள். கதைத்தார்கள். ஒருவர் தன் இடுப்பு வலியைச் சொன்னால், அடுத்த வளவுக்காரர் அது ஒரு வலியா என்று தன்னுடையதைத் தொடங்கினார். எழுபதைத் தாண்டிய புகையிலைக்காரர் ஒருவர், பாடம் போட்ட புகையிலைச் சிப்பமொன்றை இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “நல்லதில்லை எண்டு போடு பிள்ளை. இருபது வயதிலை உதை நான் ஒரு கையாலை தூக்கினனான்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க அவருக்கு இருந்தது அந்த இருபது வயதுக்காரன் மட்டுமே. அம்மாவும் அப்படித்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு பொழுதுபட்டதையே மறந்து நின்ற அந்தக் காலத்து உடம்போடுதான் இன்றைய உடம்பை அவர் எப்போதும் ஒப்பிட்டார். அதோடு நாவூறுக்குப் பயமும் சேர்ந்துகொண்டது. நல்ல சுகம் என்று வாய்விட்டுச் சொன்னவர் அடுத்த கிழமை படுத்துக் கிடந்த கதை எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருந்தது.

கரைக்கு எப்போது வரலாம் என்று பங்குச் சுவாமியாரைக் கேட்டேன். கிழமை நாட்களில் காலையில் வாரும் என்றார். மத்தியானம் வள்ளங்கள் வந்து சேர்ந்தால் மீன் பிரிப்பதிலும் கருவாடு போடுவதிலும் பெண்கள் யாருக்கும் தலை நிமிர்த்த நேரமிராது. ஞாயிறு பூசையோடு போய்விடும். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன்.

அந்தப் பாதையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் போவேன். செம்மண் தோட்டங்கள் முடிந்து பனைகள் தொடங்கும். பனைகளுக்குள்ளே மண் மெல்ல வெளுத்துக்கொண்டு போகும். பிறகு சைக்கிள் சில்லு புதைந்து நின்றுவிடும். இறங்கி உருட்டத் தொடங்கினால் காற்றில் உப்பும் கருவாடும் மணக்கும். கிடுகால் வேய்ந்த கொட்டில் ஒன்றின் கீழ் ஐந்தாறு பெண்கள் வட்டமாக இருந்து கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வேற்றூர்ப் பெண் என்று ஒதுக்கவில்லை. பாயை உதறிப் போட்டு, பிளேன்ரீயும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் தந்தார்கள். அப்படி ஒரு தேநீரை அதற்குப் பிறகு நான் எங்கும் குடிக்கவில்லை.

எனக்கு முன்னால் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கவிழ்த்து வைத்த பனையோலைக் கடகத்தின் மேல் இரண்டு கால்களையும் தூக்கி வைத்திருந்தார். அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

“எனக்கென்ன பிள்ளை, நல்ல சுகமா இருக்கிறன். மிக நல்லது எண்டு போடுங்கோ.”

அந்தச் சின்னப் பதிலுக்குள் அவர் இரண்டு இடத்தில் பேச்சை நிறுத்தினார். வலைக் கண்ணை எண்ணுகிறார் என்று நினைத்தேன். காலை எடுத்து மாற்றி வைத்தபோது, கடகத்தின் விளிம்பு பதிந்த இடம் கணுக்காலில் குழியாகவே நின்றது. கால் வீங்கியிருக்கிறதே அக்கா என்றேன்.

“உது இருந்த இருப்பிலை வாற வீக்கம். என்ரை அக்கா மூண்டு வரியம் பாயிலை கிடந்தவ. தண்ணியும் ஆராவது பருக்கத்தான் வேணும். அதெல்லோ வருத்தம்? நான் சமைக்கிறன், வலை பொத்துறன், பூசைக்குப் போறன். எனக்கு என்ன குறை?”

எங்கள் பேச்சில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர். அந்தச் சொல்லை அவர் இறந்துபோன தன் தமக்கைக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். மற்றப் பெண்களும் ஒருவர்பின் ஒருவராக அதையே சொன்னார்கள். எல்லாரிலும் இளையவளாக இருந்த ஒருத்தி, தங்களுக்கு வருத்தம் வர நேரமில்லை, வருவதென்றால் வரிசையில் நின்று வரச் சொல்லுங்கோ ரீச்சர் என்றாள். தாளும் பேனையுமாக வந்ததால் என்னை ரீச்சராக்கிவிட்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அதையும் பழக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். ‘மிக நல்லது’ என்ற கட்டத்தில் வரிசையாக அடையாளம் போட்டேன்.

பிறகும் சில நாட்கள் போனேன், எல்லாம் காலை வேளைகள். தாள்களை எல்லாம் முடித்துக் கட்டாகக் கொண்டுவந்து டொக்டர் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு அடுக்காகப் பிரித்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எங்கள் ஊரார் முக்கால்வாசி நோயாளிகள். கரையில் நோயே இல்லை. கடற்காற்று, பச்சை மீன், உடம்பை வளைத்துச் செய்யும் வேலை என்று அவர் காரணங்களை அடுக்கினார். எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. அந்த ஒரு நாள் எங்கள் ஊருக்குக் கிடைத்தது. என் ஊர் வென்றுவிட்டது என்ற ஒரு சின்னப் பெருமையும் எனக்கு இருந்ததை இங்கே மறைக்கக்கூடாது.

முதல் நாள் சனசமூக நிலையத்தில் முதல் ஆளாக நின்றவர் அம்மா. டொக்டர் ஐயா நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முழங்காலை மடக்கி நீட்டினார். உங்களுக்கு என்னைவிட நல்ல உடம்பு என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அம்மா அதைப் பாராட்டாக எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தன்னைத்தானே மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறவில்லை, நாவூறு பட்டுத்தான் இருக்கிறது என்று சொல்லி, டொக்டருடைய நாக்கு எவ்வளவு பொல்லாதது என்று அன்றைக்கு முழுவதும் வியந்துகொண்டிருந்தார்.

முடிவைப் பங்குச் சுவாமியாருக்கு மரியாதையாக நேரில் சொல்லிவிட்டு வரும்படி டொக்டர் ஐயா என்னை அனுப்பினார். கிழமை நாளில் போனபோது சுவாமியார் யாழ்ப்பாணம் போயிருந்தார். ஞாயிறு பூசை முடிய வரச் சொன்னார்கள். இப்படித்தான் முதன்முதலாக நான் அந்தக் கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

நான் அறிந்த கரை அல்ல அது. வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. கர்த்தருடைய நாளில் அங்கே ஒருவரும் கடலுக்குப் போவதில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆண்கள் வெள்ளைச் சேட்டும் சாரமுமாக மணலில் குந்தியிருந்து கதைத்தார்கள். பூசைக்கு உடுத்த சேலைகளோடு பெண்கள் கோயில் மதிலின் நிழலில் நின்றார்கள். என்னைக் கண்டதும் சுற்றிவந்து, டொக்டர் எப்போது வருகிறார் என்று கேட்டார்கள். அவர் வரமாட்டார், நீங்கள் எல்லோரும் மிக நல்ல சுகம் என்று சொன்னபடியால் எங்கள் ஊருக்குக் கொடுத்துவிட்டார் என்றேன். ஏதோ நல்ல செய்தி சொல்லுகிறவள் மாதிரித்தான் சொன்னேன்.

அன்று கால் வீங்கியிருந்த அந்த அக்கா மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மணலில் இருந்த ஆண்களில் ஒருவர், அவருடைய கணவர், தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். அக்கா கோபிக்கவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது போலச் சொன்னார்.

“நீங்கள் வந்தது செவ்வாய்க்கிழமை, பிள்ளை. வள்ளம் கடலிலை. அவர் தண்ணியிலை நிக்கேக்கை, நான் வருத்தக்காரி எண்டு கரையிலை இருந்து வாயாலை சொல்லுவனோ?”

மற்றவர்களும் அப்போதுதான் சொல்லத் தொடங்கினார்கள். வள்ளம் வெளிக்கிட்ட நேரந்தொட்டு அது கரை தட்டும்வரை அந்த வீடுகளில் நோயைப் பற்றியோ சாவைப் பற்றியோ ஒருவரும் பேசுவதில்லை. தலையிடி என்றுகூடச் சொல்லமாட்டார்கள். யாராவது சுகம் கேட்டால் நல்ல சுகம் என்றுதான் சொல்லவேண்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வள்ளம் திரும்பி வரும். போரினால் கடலுக்குத் தடை வந்தும் நீங்கியும் இருந்த அந்த ஆண்டுகளில், கரையை ஒட்டிப் போனவர்கள்கூடத் திரும்புவார்களா என்று தெரியாத நாட்களில், அந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியிருந்தது. அப்படியானால் வள்ளம் வந்த பிறகாவது சொல்லலாமே என்று கேட்டேன். வந்த பிறகு யார் வந்து கேட்டது என்று அந்த இளையவள் திருப்பிக் கேட்டாள். அன்று அவள் பகிடி விடவில்லை.

இரண்டு ஊர்களையும் ஒரே கோலால் அளந்ததாக நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஊரும் தன் முழத்தைத் தன் கையாலேயே அளந்து தந்திருக்கிறது. எங்கள் ஊரார் பயத்தினால் தங்கள் நலத்தைக் குறைத்துச் சொன்னார்கள். இவர்கள் பயத்தினால் கூட்டிச் சொன்னார்கள். ஒருவர் தன் இளமையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், மற்றவர் தன் செத்துப்போன தமக்கையை. இவை எல்லாவற்றையும் நான்கு கட்டங்களுக்குள் நிரப்பி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைத்து, எது உயரம் என்று பார்த்திருந்தோம்.

அன்று என்னிடம் தாள் இருக்கவில்லை. ஞானோபதேச வகுப்புக் கொப்பி ஒன்றின் பின்பக்கங்களைச் சுவாமியார் தந்தார். சுகம் எப்படி என்ற கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு வரும்போது எத்தனை இடத்தில் குந்தி ஆறுகிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர்க் குடத்தை எத்தனை தரம் இறக்கி வைக்கிறீர்கள், டொக்டர் ஐயா எங்கள் ஊரில் நோயாளரிடம் கேட்டது நினைவுக்கு வர, இரவில் எத்தனை தலையணை வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த அக்கா, கோயிலுக்கு வரும் வழியில் பூவரசடியில் ஒன்று, குருசடியில் ஒன்று, இப்போது கிணற்றுக் கட்டில் இன்னொன்று என்றார். படுத்தால் மூச்சு அடைப்பதால் சுவரில் சாய்ந்துகொண்டே நித்திரை கொள்ளுவதாகச் சொன்னார். எவ்வளவு காலமாக என்று கேட்டபோது கணவர் இருந்த பக்கம் பார்த்தார். அவர் இப்போது எழுந்து வந்து சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அது புதிய செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. அதிகாலையில் எழுந்து போகிறவர் அவர். அவளும் முன்பே எழுந்து சாய்ந்திருக்கிறாள் என்று எண்ணியிருக்கவேண்டும்.

டொக்டர் ஐயா அந்தக் கொப்பியை இரண்டு முறை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் ஊருக்குக் கொடுத்த நாளைத் திருப்பி எடுத்தால் ஊர் சும்மா இராது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. “ஞாயிற்றுக்கிழமை எண்டால்தான் அங்கை உண்மை வரும் எண்டு சொல்லுறீர்” என்றார். ஓம் என்றேன். ஞாயிறு அவர் ஓய்ந்து படுத்திருக்கும் நாள். அடுத்த ஞாயிறே என் சைக்கிளுக்குப் பின்னால் தன் சைக்கிளில், பெற்றோலும் இல்லாமல், மெதுவாக மிதித்து வந்து சேர்ந்தார். நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்வரை, வேறு பல ஞாயிறுகளிலும் அவரோடு போயிருக்கிறேன். அந்த அக்காவையும் அந்த ஆண்டுகள் முழுவதும் கண்டேன். மாத்திரைகளோடு, கால் வீக்கம் வற்றி, கொட்டிலில் இருந்து வலை பொத்தினார். அந்த நிழலும் அவர்கள் சிரிப்பும் நினைவுக்கு வரும்போது, அந்தக் கரை இப்போது எப்படி இருக்கிறதோ என்று கேட்கக்கூட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் டொக்டர் ஐயா வந்த அந்த முதல் ஞாயிறு மாத்திரை வரையில் இலகுவாகப் போய்ச் சேரவில்லை. கோயில் முற்றத்துப் பூவரசின் கீழ் அக்காவை இருத்தி, டொக்டர் ஐயா அவருடைய நெஞ்சில் நெடுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார், வந்தது என்றார். இருதயத்தில் பழுது இருக்கிறது, யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று பார்க்கிற நாள் செவ்வாய், கட்டாயம் போகவேண்டும் என்று சொல்லிக் கடிதம் எழுதத் தொடங்கினார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். செவ்வாய்க்கிழமை ஏலாது என்றார்.

பஸ்ஸுக்குக் காசில்லையோ, வீட்டில் ஆள் இல்லையோ என்று டொக்டர் ஐயா கேட்டார். அது இல்லை. போகலாம், போய் வரிசையில் நிற்கலாம், ஆனால் அங்கே வாய் திறக்க ஏலாது என்றார் அக்கா. வாய் திறக்கத் தேவையில்லை, கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று டொக்டர் ஐயா சற்றுச் சினந்தார்.

“அவையள் கேப்பினம், ஐயா. கேட்டால் சுகம் எண்டுதான் சொல்லுவன். கடலிலை ஆள் நிக்கேக்கை எனக்கு வேறை வாயில்லை.”

டொக்டர் ஐயாவின் பேனை நின்றது. அவர் என்னைப் பார்த்தார். ஒரு மூடநம்பிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது படித்த எங்கள் இருவருக்கும் எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கடலில் நிற்பவர் எங்கள் இருவரில் எவருடைய ஆளும் அல்ல. அக்காவின் கணவர் அதிகம் கதைக்காத மனிதர். இவ்வளவு நேரமும் கால் பெருவிரலால் மணலைக் கீறிக்கொண்டு நின்றவர் நிமிர்ந்தார். “செவ்வாய் நான் தொழிலுக்குப் போகேல்லை” என்றார். அதைச் சொன்னபோது மனைவியைப் பார்க்கவில்லை, டொக்டரைத்தான் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அவர்களோடு போக நான் விடியற்காலையில் கரைக்குப் போனேன். காற்று நன்றாக இருந்தது. மீன் படும் நாள் என்று எனக்கே தெரிந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. ஒன்று மட்டும் மணலில் கிடந்தது. கொட்டிலில் இருந்த பெண்கள் எங்களைக் கண்டும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவர்களுடைய ஆண்கள் கடலில் நின்றார்கள். கையை மட்டும் அசைத்தார்கள். பஸ்ஸில் அக்கா சன்னலோரம் இருந்தார். அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் கணவர் முன் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் மதியம் வரையும் வாங்கில் இருந்தோம். உள்ளே கூப்பிட்ட டொக்டர் இளைஞர். கடிதத்தைப் பிரிக்குமுன்னே தலை நிமிர்த்தி, எப்படி இருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டார். அக்காவின் உதடு பழக்கத்தினால் அசைந்தது. சுகம் என்ற சொல் அங்கே வந்து நிற்பதைக் கண்டேன். அவர் கணவரைப் பார்த்தார்.

“வள்ளம் கரையிலை கிடக்கு” என்றார் அவர். “சொல்லு.”

அக்கா சேலைத் தலைப்பை மடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முந்திய பெருநாளில், புனிதரின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வரும்போது கூட்டத்தோடு நடக்க முடியாமல் பின்தங்கிய இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.